பாவம் என்கிற சொல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். யார் இப்போது கையால் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. கம்ப்யூட்டரில் எழுதினால் அது உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிடும். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு முன் எனக்கு ஒரு மெயில் அனுப்பினாயே, அதைத் திறந்து வைத்துவிட்டுப் பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். அதற்குள் அப்பா வந்து உட்கார்ந்து விசையைத் தட்டிவிட்டார். பார்வை போன பிறகு நீதானே அந்த மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாய், திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்குமே, அது ஒரு வரி விடாமல் வாசித்தது. ‘அப்பா பாவம், இனி அவரால் என்ன முடியும், வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிடுங்கள்.’ நான் கரண்டியோடு நின்றேன்.

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, “இது பாவத்தைத் தப்பாச் சொல்லுது” என்றார். திரும்ப வாசிக்க வைத்தார். உண்மைதான். ஐயோ பாவம் என்கிறோமே, அந்தப் பாவமாக இல்லை. முகபாவம் என்கிறோமே, அதில் வரும் பாவமாக வாசித்தது. முப்பது வருடம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்து ஊர்ப் பெயர் சொன்ன மனிதர். அந்தக் காது சும்மா விடுமா?

அது எல்லோருக்கும் பொதுவான மென்பொருள், உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம் என்று நீ எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். மறுநாளே உட்கார்ந்துவிட்டார். நான் தையல் மிஷினில், அவர் எதிர் மேஜையில். புள்ளி, அடைப்புக்குறி என்று அது ஒவ்வொன்றாகக் கத்த, இவர் காதால் படித்துக்கொண்டே போனார். அந்தக் கத்தலில் ஒரு திரைச்சீலையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். மகளைக் கேளுங்களேன் என்றதற்கு, “வேணாம், அவளே செஞ்சு முடிச்சிடுவா” என்றார்.

உள்ளே ஒரு பட்டியல் இருந்ததாம். பஸ், பீரோ, பனியன், பயம் என்று ப-வை மெல்லச் சொல்ல வேண்டிய சொற்கள். யாரோ அதில் பாவத்தையும் சேர்த்திருக்கிறார்கள். உன் அப்பா கோபத்தில் பட்டியலையே தூக்கிவிட்டார். பாவம் சரியாகிவிட்டது. ஆனால் பஸ்ஸில் உள்ள ப, பட்டாசு ப மாதிரி வெடித்தது. அதைக் கேட்டுப் பார்க்காமலேயே அனுப்பியும் விட்டார். அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற அம்மா எங்கோ தூர தேசத்தில் இருக்கிறார். “ஐயா, ஒரு சொல்லுக்காக எல்லா பஸ்ஸையும் நிறுத்திட்டீங்களே” என்று பதில் எழுதினார். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. பஸ்ஸை நானே கெடுத்துட்டேனே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த அம்மா வழியும் சொல்லியிருந்தார். பாவத்தை மட்டும் எடுக்க வேண்டும், முகபாவத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும், நாளைக்கு வேறு யாரும் கெடுக்காதபடி சோதிக்கும் வாக்கியங்களும் எழுத வேண்டும். நான்கு தடவை அனுப்பினார், மூன்று தடவை திரும்பி வந்தது. கண் தெரியாது என்று ஒரு வரி எழுதினால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்களே என்றேன். “எதுக்கு? தப்பு தப்புதானே” என்றார். அந்த நிமிடம் இந்த மனிதரையா கட்டிக்கொண்டோம் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

போன வாரம் ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தவர்கள் பட்டியலில் அப்பா பெயரும் ஏறிவிட்டது. அதை வாசிக்க வைத்தார். அது அவர் பெயரையே தப்பாகச் சொன்னது! திருத்துங்கள் என்றேன். “பேர் ஏறினதும் முதல் வேலையே சொந்த வேலையா? அசிங்கமா இருக்கும்” என்றார். பார்வை போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நான் தையலை விட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இப்போது கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர், தேதிகளைத் தாறுமாறாக வாசிக்கிறது, பாருங்களேன் என்று எழுதியிருக்கிறார். மிஷினை மெதுவாக ஓட்டு என்று அப்பாவின் அதட்டல் வேறு எனக்கு.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை கண்ணு. நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீர்கூட நானே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் எங்களைக் கூட்டிப்போக வருகிறாயே, வா. டிக்கெட் உனக்கு மட்டும் போட்டால் போதும். பத்து நாள் இரு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து என்ன திருத்துகிறீர்கள் என்று கேள். கையை மட்டும் மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இனி மெயில் எழுதும்போது மட்டும் பார்த்து எழுதம்மா. அந்தச் சொல்லை இப்போது அது மிகச் சரியாகச் சொல்கிறது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா