மாடியில் காய்ந்த கோட்டு

ஐப்பசி 9, புதன்.

மழைக் கோட்டில் தண்ணீர் ஊறத் தொடங்கியதால் பதுளையிலிருந்து ஆளிவிதை எண்ணெய் வாங்கி வந்திருந்தேன். ஞாயிறன்று என் கோட்டுக்கும் ஆலையில் தேயிலைத் தூள் தயாரிக்கும் டீமேக்கர் சாமிநாதன் கோட்டுக்கும் நானேதான் பூசினேன். இந்த ஈரத்தில் எங்கே காயவைப்பது என்றபோது வழி சொன்னவன் அவன்.

"கொழுந்து வாட்டுற மாடியில சூடு இருக்குண்ணே. அங்க மாட்டுவோம், ரெண்டு நாள்ல காஞ்சிரும்."

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்று ஆபீஸ் கிளாக்கான எனக்கே தெரியும். டீமேக்கரே சொல்கிறானே என்று நம்பித் தொலைத்தேன்.

இன்று காலை தோட்டத்தை நடத்தும் துரை, புதுத் தூளில் போட்ட தேநீரை வாயில் வைத்ததும் துப்பினார். ஒரே எண்ணெய் வாடை. எங்கள் இருவரையும் மாடிக்குக் கூட்டிப்போய், தொங்கிய கோட்டைக் காட்டி யாருடையது என்று கேட்டார்.

"கிளாக்கரய்யாவுதுங்க தொரை. எனக்குத் தெரியாம மாட்டியிருக்காரு," என்றான் சாமிநாதன், என் முகத்தைப் பார்க்காமல்.

அவன் கோட்டு தொங்கிய பக்கத்து ஆணி காலியாக இருந்தது. மாதம் முடிந்ததும் என்னைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார் துரை.

சாயங்காலம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கொட்டும் மழையில் வீட்டுக்கு வந்தேன். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. எனக்கு முன்னால் சாமிநாதன் போய்க்கொண்டிருந்தான். அவன் கோட்டிலும் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. நன்றாகத்தான் பூசியிருக்கிறேன்.