டல்லஸிலிருந்து நம் வாசல் வரை

என் செல்லத் தம்பி ரவிக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. உன்னை அங்கேயே எரித்துவிட்டார்கள். அம்மா இன்னும் ஏரோப்ளேனைத்தான் திட்டுகிறாள். "அவ்ளோ தூரத்துல கொண்டுபோய் வெச்சி, எம்புள்ள மூஞ்சியக்கூடப் பாக்க வுடலியே" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்கிறாள்.

டல்லஸில் ஏறி, நடுவில் ஏதோ ஓர் ஊரில் காத்திருந்து, வேறு விமானம் மாறி, மெட்ராஸ் வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்று போனில் சொன்னவன் நீதான். "பத்தாயிரம் மைலு இருக்கும்மா, லீவும் கம்மி" என்பாய். அவள் உடனே, "வேணாம்பா, உடம்பப் பாத்துக்க" என்பாள். இப்படியே எட்டு வருஷம் போனது.

போன வாரம் உன் மனைவி கவிதா முதல் தடவையாக அடி அண்ணாமலைக்கு வந்தாள். நம் வாசலில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்த வீடா அண்ணி? ரெண்டு வருஷம் முன்னாடி பௌர்ணமிக்கு இந்த வழியாத்தானே நடந்து போனோம்!"

"யாரு போனது?"

"நானும் அவரும், எங்க அப்பா அம்மாவும். வருஷா வருஷம் மெட்ராஸ் வர்றோமே, உங்ககிட்ட சொல்லலியா? அத்தை வீடு எங்கன்னு அன்னிக்கும் கேட்டேன். கிரிவலம் நடுவுல யார் வீட்டுக்கும் போகக்கூடாதுன்னுட்டார்."

மெட்ராஸிலிருந்து இங்கே வர பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது, ரவி.

மலையைச் சுற்றும்போது இடப்பக்கமாகவே நடக்கணும் என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மா. நம் வீடும் இடப்பக்கம்தான். வாசலை உரசிக்கொண்டுதான் போயிருப்பாய். பௌர்ணமி தவறாமல் சாயங்காலம் அவள் வாசலில் குடம் வைத்து, நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அன்றைக்கும் ஊற்றியிருப்பாள். பார்த்தாயா? பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாயா?

ஓட்டு வீட்டை மாமனாருக்குக் காட்ட வெட்கமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவைத் தெருமுனைக்குக் கூட்டிவந்து தூரத்திலிருந்தாவது உன்னைக் காட்டியிருப்பேனே. யார் வீட்டுக்கும் போகக்கூடாதாம். பெத்தவள் வீடு யார் வீடுடா?

செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். எனக்கு வயிறு எரிகிறது, திட்டத்தான் செய்வேன். நீ நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய்.

அம்மாவிடம் மூச்சு விடாதே என்று கவிதாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். உள்ளே போனதும் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "தூரம் ஜாஸ்தியாமே கண்ணு, உக்காந்து உக்காந்து கால் வீங்கிடுச்சா?" என்று கேட்டாள். கவிதா ஓவென்று அழுதுவிட்டாள்.

நானும் சொல்ல மாட்டேன். உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. வர முடியாத பிள்ளை என்று நினைப்பதால்தான் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்குகிறது. வராத பிள்ளை என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். அவள் கண்மூடும் வரை நீ அந்தப் பத்தாயிரம் மைலுக்கு அப்பாலேயே இரு. இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப் பிறந்த பாவத்துக்கு,
அக்கா செல்வி