செவலையின் இடது கால்

இன்று காலை லாயத்தின் தட்டியைத் திறந்ததுமே உப்புத் தண்ணீர் வாடை முகத்தில் அடித்தது. நம் பந்தயக் குதிரை செவலை, இடது முன்னங்காலை ஊன்றாமல் நின்றாள். போட்ட புல் போட்டபடி கிடந்தது. நேற்று ஓட்டிப் பழக்கும்போது கால் லேசாகப் பிசகியிருக்கிறது. உங்கள் தம்பி என்னிடம் மூச்சுவிடாமல், உப்பளத்துத் தண்ணீரில் நனைத்த துணியை இறுக்கிக் கட்டிவிட்டுப் படுக்கப் போயிருக்கிறான். உப்பளத்தில் எவன் கால் பிசகினாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதானே வைத்தியம். துணி காற்றில் காய்ந்து சுருங்கிக் காலைக் கவ்விப் பிடித்திருந்தது. கட்டுக்குக் கீழே குளம்பு வரை வீக்கம்.

"கத்தி எடுத்துட்டு வாரேன் மைனி" என்றான், என் சத்தம் கேட்டு எழுந்து வந்தவன்.

கத்தியா? அவள் ஒரு உதறு உதறினால் நரம்பு போய்விடும். நொண்டிக் குதிரையை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? "வெந்நி எடுத்துட்டு வா, போ" என்று விரட்டினேன்.

இடுப்புப் பிடிப்பு என்று சொல்லி, நீங்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்குக் கட்டுப் போட என்னை ஏவிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அதுவரை அவள் கிட்டே என்னை விட்டீர்களா?

"ஏளா, மண்டி போடாத. குத்தவச்சு இரு. அவ ஒதைச்சா எந்திரிச்சு ஓடணும்லா."

ஈரமில்லாத காலில் முதலில் பஞ்சு, அதன்மேல் துணிச்சுருள். முழங்காலுக்குக் கீழே தொடங்கி, இறக்கி, மறுபடி ஏற்றி, வெளிப்பக்கம் முடிச்சு. "வெரலு உள்ள போவுதா?" என்பீர்கள். போகவில்லை என்றால் மொத்தத்தையும் அவிழ்க்கச் சொல்வீர்கள். அந்தச் சுருளாலேயே உங்கள் வாயைக் கட்டலாமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வெந்நீரை ஊற்றி ஊற்றிக் கட்டை ஊறவைத்தோம். அவன் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் குத்தவைத்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். கடைசிச் சுற்றில் செவலை திமிறினாள். அவள் தலை நெஞ்சில் மோதியதில் அவன் சுவரோரம் போய் விழுந்தான். நான் துணியை விடவில்லை. அது கையோடு வந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் குளம்பை மெதுவாக மண்ணில் வைத்தாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து தடவிப் பார்த்தார். நரம்பு தப்பித்தது, ஆனால் இந்தத் தடவை பந்தயம் கிடையாது என்றார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

உங்கள் தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல மைனி" என்று சிரித்தான்.

அது உங்கள் பேச்சு. குதிரைக்கு எங்கே நோகிறது என்று தொட்டே சொன்ன மனிதர், சொந்த நெஞ்சுவலியை அந்த ஒரு சொல்லில் என்னிடமிருந்து மறைத்தீர்கள். நானும் நம்பி உங்களைப் பறிகொடுத்தேன். உங்கள்மேல் உள்ள அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். அவன் எவ்வளவோ மறுத்தும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே அறைக்குள் போகும்வரை அவன் கையை நான் விடவில்லை.