டீச்சருக்கு மூன்றாவது பட்டம்

மார்ச் 4, செவ்வாய்

பழைய விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தின் தேர்வுக் குழு இன்று கூடியது. மோட்டார் பந்தயக்காரர்களில் இந்த ஆண்டு ஒரே ஒருவருக்குத்தான் இடம். ஐந்து பேர் போட்ட சத்தத்தில் சந்தைக்கடை தோற்றது.

டயர் கடைக்காரர் தன் பழைய கூட்டாளியின் பெயரைச் சொன்னார். மூன்று முறை சாம்பியன். நான் டீச்சரின் பெயரைச் சொன்னேன். பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டே பதினோரு வருடம் பைக் பந்தயம் ஓட்டியவர். பட்டம் இரண்டு. மூன்றாவதை ஜெயித்த அன்றே பறிகொடுத்தார். எஞ்சின் அளவு, விதிப்படி அனுமதித்த 250 சிசியைத் தாண்டிவிட்டது என்று பட்டம் அந்தக் கூட்டாளிக்குப் போனது.

"எஞ்சின்ல ஏமாத்தினவங்களுக்கு மண்டபத்துல இடமா? அளந்ததே நீங்கதானே சார்!" என்றார் டயர் கடைக்காரர்.

அளந்தது நான்தான்; அந்தப் பந்தயத்துக்கு எஞ்சின் பரிசோதகர் நான். டீயைக் குடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் தலைவர். ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளா அவர்?

அந்த மழைப் பந்தயத்தை எப்படி எழுதுவது? நான்காவது சுற்றில் கிளட்ச் லீவர் உடைந்துவிட்டது. மீதிப் பதினாறு சுற்றையும் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே கியர் மாற்றி ஓட்டினார். பாலத்து வளைவில் எல்லோரும் பிரேக்கைப் பிடித்த பிறகு, ஒரு மூச்சு விட்டுத்தான் இவர் பிடிப்பார். இரண்டாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும், "நாளைக்குப் பசங்களுக்குப் பரீட்சை, நான் கிளம்புறேன்" என்று போய்விட்டார். அப்படி ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

"முப்பத்தெட்டு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள் மனைவி. இதோ, எழுதிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அந்த ஒரு பக்கம் நகரவில்லை. எதை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று எனக்குத்தானே தெரியும்.

சரி, இங்கேயாவது சொல்லித் தொலைக்கிறேன். சிலிண்டர் நன்றாக ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும், அளவு கூடுதலாகக் காட்டும். அன்று பரிசளிப்புக்கு விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அவசரம். கையுறை போட்டுத்தான் சிலிண்டரைப் பிடிக்கவே முடிந்தது — அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? 250.4. பட்டம் போயிற்று.

மறுநாள் காலையிலும் எஞ்சின் என் பொறுப்பில்தான் இருந்தது. மனசு கேட்காமல் மறுபடி அளந்தேன். 249.5.

கோப்பை கொடுத்தாகிவிட்டது, பேப்பரிலும் வந்துவிட்டது. ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பத்தொன்பது வருடம்! ஊரெல்லாம் என்னை நேர்மைக்காரன் என்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

குழுவில் சொல்லிவிட்டேன்.

கணக்கை முதலில் போட்டவர் டயர் கடைக்காரர்தான். "அப்போ அவங்களுக்கு மூணு. எங்காளுக்கு ரெண்டு." பேனாவை மூடி வைத்துவிட்டு, "என் ஓட்டு டீச்சருக்கு" என்று கையைத் தூக்கினார். இந்த மனுஷனைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தேன். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல், "ராஜினாமா கடிதம் குடுத்துடுங்க சார்" என்றார். கொடுத்தேன்.

மார்ச் 12, புதன்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"உங்க அளவு தப்பாகும்னு எனக்குத் தோணவே இல்ல சார். அந்த எஞ்சின் வேலை முழுக்க என் தம்பி பார்த்தது. எனக்குத் தெரியாம சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கிட்டான்னு நெனச்சேன். அத்தனை பேர் முன்னாடி கன்னத்துல அறைஞ்சேன். அன்னியிலேருந்து பேச்சு இல்ல."

ஐயோ. போனது ஒரு பட்டம்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே, பாவி.

"மண்டபம் கெடக்கட்டும். அவன்கிட்ட நீங்க வந்து சொல்லணும்."

மார்ச் 16, ஞாயிறு

டீச்சரோடு போனேன். தம்பி தண்ணீர் பம்பு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். கிரீஸ் கையோடு நின்று கேட்டார்.

"தப்பா அளந்தீங்க. சரி சார், அதை விடுங்க" என்றார் என்னிடம். பிறகு அக்காவிடம் திரும்பினார். "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? செஞ்சியாடான்னு?"

பழியை என் தலையில் போட்டிருக்கலாம். நானும் அதற்குத்தான் பக்கத்தில் நின்றேன். டீச்சர் போடவில்லை. "கேட்டிருக்கணும். அது என் தப்பு" என்றார். எத்தனையோ பந்தயத்தில் அவரை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். இன்றைக்குப் பார்த்ததுதான் பெரிது.

தம்பி பம்பைத் திருப்பிப் போட்டு ஸ்பேனரை எடுத்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

ஏப்ரல் 2, புதன்

டீச்சர் ஒருமனதாகத் தேர்வு. போனில் வாழ்த்தினேன். "தம்பி பேசினாரா?" "இல்ல சார்."

ஏப்ரல் 27, ஞாயிறு

விழாவுக்குப் போகலாமா வேண்டாமா என்று காலையெல்லாம் யோசனை. கடைசியில் போனேன், கடைசி வரிசைக்கு. விளக்கை மங்கலாக்கியதும் எனக்கு அடுத்த நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். தம்பி. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

மூன்று பட்டங்கள் என்று வாசித்தபோது கைதட்டல் ஓய வெகுநேரமானது. டீச்சர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். மேடைப் படியில் கால் வைத்தவர் திரும்பி அரங்கத்தை ஒருமுறை கண்ணால் துழாவினார். அப்படியே இறங்கி, நடுவழியே நடந்து எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார்.

"எந்திரிடா."

"நீ போக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அன்னிக்கும் எல்லாரும்தானே பாத்தாங்க."

தம்பி எழுந்தார். அவர் போக வழிவிட்டு நான் காலை மடக்கிக்கொண்டேன்.