ஐந்தாவது சீட்டு

இன்று காலை பள்ளி வராந்தாவில் புதுப்பானை வாசம். கோடைக்காகப் பியூன் இரண்டு பானை வாங்கி வந்திருந்தார். ஒன்றை அங்கே வைத்தார். மற்றதைச் சேரிப் பிள்ளைகளுக்கென்று வேப்பமரத்தடிக்குத் தூக்கிப்போனார். பூந்தமல்லியில் எதுவும் மாறவில்லை. நீ செத்து ஆறு மாதம் ஆகிறது.

போன கோடையில் ஐந்தாவது பாரத்துக்கு நீ குடிமைப் பாடம் நடத்தினாய். வெள்ளைக்காரன் சட்டப்படி வரி கட்டுகிறவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு என்ற பக்கத்தை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாய்.

"இந்த வகுப்புல எல்லாருக்கும் ஓட்டு. தண்ணிக்கு ஒரு பானை போதுமா, ரெண்டு வேணுமா? ஒன்று, இரண்டுன்னு எழுத்துல எழுதிப் போடுங்க."

பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு வந்திருந்தாய். பக்கத்து அறையில் கணக்கு நடத்திய என்னை எண்ணக் கூப்பிட்டு, என் கையிலும் ஒரு சீட்டைத் திணித்தாய். நடத்துகிறவன் போடக்கூடாது என்று நீ போடவில்லை.

இரண்டு பானைக்கு முப்பத்திரண்டு. ஒரு பானைக்கு ஐந்து.

கடைசி பெஞ்சில் சேரிப் பிள்ளைகள் நான்கு பேரும் தலை நிமிரவில்லை. வெளியே வந்து சொன்னாய்: "தப்பு பண்ட்டேன்பா. இத்த ஓட்டுக்கு உட்டதே தப்பு. தண்ணி குடிக்கிறது அவன் உரிமை. முப்பது பேரு சீட்டு போட்டுக் குடுக்கறதா அது?"

நேராக மரத்தடிப் பானைக்குப் போய்க் குடித்தாய். மறுநாளும் குடித்தாய். "இன்னா சார், ஊட்ல தண்ணி இல்லியா?" என்றார் பியூன். "கீது. இது சில்லுனு கீது," என்றாய். ஒரு மாதத்துக்குள் தாளாளர் உன்னை வேலையிலிருந்து நீக்கினார்.

காஞ்சிபுரம் போகும், கரி எரித்து ஓடும் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு என் தோளைப் பிடித்தாய்.

"அவங்க நாலு பேரு. அஞ்சாவது உன்னுதுதானே? அது போதும் மாமே."

நான் தலையாட்டினேன்.

என்னுடையது அல்ல. நான் "இரண்டு" என்று எழுதினேன். தாளாளர் சீட்டுகளைக் கேட்டால் என் எழுத்து தெரிந்து வேலை போய்விடும் என்று பயந்தேன். காய்ச்சலில் நீ போனதாகக் கார்டு வந்தபோது, அழுகைக்கு முன்னால் அந்தத் தலையாட்டல்தான் வந்தது.

அப்படியானால் வராந்தாவில் குடிக்கிற பிள்ளை ஒருவன் அதை எழுதியிருக்கிறான். நீ அவனைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். நான்தான் காரணம்.

"ஒன்று" என்றிருந்த ஐந்து சீட்டுகளும் என் பையில் இருக்கின்றன. கணக்கு நோட்டு திருத்தும்போது எழுத்தை ஒப்பிட்டு நால்வரைக் கண்டுகொண்டேன். நால்வரும் சேரிப் பிள்ளைகள். ஐந்தாவது எழுத்துக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. இப்போது அவர்கள் ஆறாவது பாரம், பள்ளியின் கடைசி வகுப்பு. பரீட்சை முடிந்தால் போய்விடுவார்கள்.