மெதுவாக நிரம்பும் தொட்டி

மார்ச் 4
படித்தது இயந்திரவியல். பார்க்கும் வேலை, படகு தூக்குவது. கீழ்க் கால்வாயில் வரும் படகை லாக் தொட்டிக்குள் விட்டு, பின்கதவை மூடி, வால்வைத் திறந்து தண்ணீர் நிரப்பி, மேல் கால்வாய்க்கு ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் ஏறுவதைப் பார்த்தால் கொட்டாவி வரும்.

கோதுமைப் படகு வரும் நாளில் மட்டும் வராது. அதை ஓட்டுகிறவள் பள்ளத்திலிருந்து அண்ணாந்து பேசத் தொடங்குவாள். தண்ணீரோடு அவள் முகமும் ஏறிவரும். எனக்கு நேரே வந்ததும் கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

"என்ன இன்ஜினியர் சார், ஷேவ் பண்ண நேரமில்லையா?"

"உங்க படகுக்குப் பெயின்ட் அடிக்க நேரமிருந்துச்சா?"

கயிறு பிடித்திருந்த அவள் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 11
படகுகள் இங்கே காத்துக் கிடக்கின்றனவாம். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் மாவு மில் தன் கோதுமையைக் கிழக்குக் கால்வாய் வழியே அனுப்பிவிடும். ஒரு படகுச் சரக்கு நாற்பது லாரிக்குச் சமம். லாரியில் அனுப்பினால் கட்டாது.

"அப்ப இந்தப் பக்கமே வரமாட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டேன்.

"கோதுமை போற இடத்துக்குத்தானே நான் போகணும்?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். சாதாரணமாகவா?

மார்ச் 12
வால்வை முழுசாகத் திறந்தால் பாதி நேரத்தில் நிரம்பும். இத்தனை நாள் எவனுக்கும் இது தோணலையா?

மார்ச் 18
தோன்றியிருக்கும். செய்திருக்க மாட்டார்கள்.

வால்வை முழுசாகத் திறந்ததும் கோதுமைப் படகு முன்னும் பின்னும் இழுத்து அடித்தது. "மூடு தம்பி, வால்வ மூடு!" என்று சித்தப்பா கத்தினார். கெட்டில் கவிழ்ந்து டீ அவள் கையில் கொட்டிவிட்டது. மேலே வந்தவளிடம் நான் கேட்டது: "நேரம் பாத்தீங்களா? பாதிதான்!"

முட்டாள். கை சிவந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"என்னை அனுப்பிவிட அவ்வளவு அவசரமா, சார்?"

கதவு திறந்தது. போய்விட்டாள்.

மார்ச் 19
அனுப்பறதுக்கா செஞ்சேன்? நீ போயிடக் கூடாதுன்னுதானே—

வால்வு அறையில் இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே நன்றாகத்தான் வருகிறது.

மார்ச் 21
நிரம்பும் நேரமல்ல பிரச்சினை, வெளியே நிற்கும் நேரம். படகு கீழ்க்கதவடிக்கு வந்த பிறகுதான், முந்தின படகுக்கு நிரப்பிய தொட்டியையே காலி செய்யத் தொடங்குகிறோம்! கால்வாய் வளைவில் வரும்போதே வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டால், வந்து சேர்வதற்குள் கதவு தயாராக இருக்கும். சின்னப் படகுகளை இரண்டிரண்டாக ஏற்றலாம்.

"அப்ப வால்வு?" என்றார் மேலதிகாரி.

"பழையபடி மெதுவா, சார்."

மார்ச் 25
வயர்லெஸ்ஸில் அவள் குரல். "கோதுமைப் படகு. கதவு தொறந்திருக்கா?"

"தொறந்துதான் இருக்கு."

பின்னணியில் சித்தப்பாவின் சிரிப்பு.

அவள் முகம் நேரே வரும்வரை தீக்காய மருந்தைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அது ஆறிப்போச்சே."

"பரவால்ல, வச்சுக்கோங்க."

வால்வு அறை வாக்கியத்தைச் சொன்னேன். பாதிதான் வந்தது. மேல்கதவைத் திறந்துவிட்டேன், படகு நகரவில்லை. பின்னால் சிமென்ட் படகுக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.

மார்ச் 31
கோதுமை இந்த வழியே வரும். மில் சொல்லிவிட்டது.

நவம்பர் 9
விடுப்பு. படகில் போகிறேன். அடுத்த லாக்கில் புது ஆள்; வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட்டான்.

"யோவ், மெதுவா! டீ இருக்கு!" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சித்தப்பா கயிற்றை விடாமல் சொன்னார்: "அவன அப்புறம் திட்டலாம் மாப்ள. முதல்ல கெட்டிலப் புடிங்க."

பிடித்தேன்.