சந்தனம் வைத்த இன்குபேட்டர்

22-9-2025, திங்கள்
நான்காம் முறைக்கு ஆயத்தம். மூன்று முறையும் கோழி மலேரியாக் கிருமி, கொசு செல்களோடு சேர்ந்து வளராமலே செத்துவிட்டது. அக்டோபர் 31-க்குள் அது ஒரு தடவையாவது அடுத்த கட்டத்துக்கு வளர்ந்து உருண்டையாகத் திரண்டால்தான் காரைக்குடி லேபில் எனக்கு நாற்காலி. இல்லையென்றால் நாட்டரசன்கோட்டைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆனாலும் அந்த செல்களைப் பார்த்தால் கவலை மறந்துபோகிறது. கொசுவே கிடையாது, அதன் செல் மட்டும் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. கடிக்காது, பறக்காது. என்ன அழகு! வளர்ப்பது லேப் அசிஸ்டெண்ட் சீதை. எட்டு வருடத்தில் ஒரு குப்பியில்கூடப் பூஞ்சை விழவிட்டதில்லை. எனக்கு அந்தக் கை வராது.

29-9
குப்பிகளில் கிருமியை விட்டு இன்குபேட்டருக்குள் வைத்தாயிற்று. "கோழியக் கொழம்பு வைக்கிற ஊருல அதோட காச்சலப் பாத்துக்கிட்டு இருக்கீக" என்று சீதைக்குச் சிரிப்பு.

30-9
நாளை விடுமுறை என்பதால் ஆயுத பூசை இன்றே. எல்லா மெஷினையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். பொரி நமத்துப்போயிருந்தது.

3-10, வெள்ளி
பாவி, பாவி! அடியே ஈஸ்வரி, இன்குபேட்டரை மறுபடி போடவே இல்லையே! மூன்று நாள். 28 டிகிரியிலேயே இருக்க வேண்டியது, பகல் வெக்கையிலும் விடியல் குளிரிலும் கிடந்திருக்கிறது. அழுதுவிட்டேன். குப்பிகளைக் கொட்டப் போனேன். சீதை கையைப் பிடித்துவிட்டாள்.

"பாக்காம எறியாதீக அக்கா. மனுச செல்லுன்னா இந்நேரம் செத்துருக்கும். இது கொசு செல்லு. நம்மூரு கொசு ஏசிலயா இருக்கு?"

பார்த்தோம். செல்கள் உயிரோடு இருந்தன. கிருமி? தெரியவில்லை. சுவிட்சைப் போடப் போனேன். "இருக்குற சூட்டுலயே விடுவோம்" என்றாள்.

7-10
உருண்டை! பதினேழு எண்ணினேன். கத்திவிட்டேன்.

குறிப்பேட்டில் எழுதும்போது கை நின்றது. அணைந்து கிடந்ததை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? சீதை பக்கத்திலேயே நின்றாள். "அதையும் எழுதிருங்கக்கா. அதனாலதான் வளந்துச்சோ என்னமோ." வெட்கமாக இருந்தது. எழுதினேன்.

அதனாலேயே இருக்குமோ?

24-10
அதனாலேதான்! புதிதாக எட்டுக் குப்பி வைத்திருந்தோம். இன்குபேட்டரில் இருந்த நான்கில் ஒன்றுமில்லை. மேஜையில் வெளிச் சூட்டிலேயே இருந்த நான்கிலும் உருண்டைகள்.

31-10
ஒரு வருடம் நீட்டிப்பு. கட்டுரையில் என் பெயரோடு சீதை பெயரையும் போட்டேன். "எனக்கு எதுக்கு?" என்றாள். பிறகு திரையில் பெரிதாக்கச் சொல்லி இரண்டு முறை பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, கை கழுவி, குப்பிகளுக்குத் தீனி மாற்றப் போய்விட்டாள்.